சாருக்கு ஒரு எலுமிச்சம்பழம்

அன்று காலை ஹைதராபாத்தின் ஜீடிமெட்லா கிடங்கிலிருந்து வண்டி கிளம்பியபோது உள்ளே இருந்தவர்கள் மூன்று பேர். ஓட்டும் இருக்கையில் நான். ஜன்னல் ஓரத்தில், தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த இளம் மேனேஜர். எங்கள் இருவருக்கும் நடுவில், கியர் கம்பியில் முழங்கால் இடிக்காதபடி காலை ஒடுக்கிக்கொண்டு, எங்கள் சூப்பர்வைசர் சார். எப்போதும் கூட வரும் ஹெல்பர் அன்று இல்லை. மேனேஜர் உட்கார இடம் வேண்டும் என்று அவனை இறக்கிவிட்டிருந்தார்கள். டாஷ்போர்டில் வழக்கம்போல ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, திருஷ்டிக்கா என்று தெலுங்கில் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். சார் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பழம் அவருடையது.

எங்களுடையது மருந்து மொத்த வியாபாரக் கிடங்கு. குளுக்கோஸ் பாட்டில், ஊசி மருந்து, சிரப் என்று பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு காலையில் கொண்டாப்பூர் பக்கத்து மருந்துக் கடைகளுக்குக் கொடுத்துவிட்டு, மதியத்துக்கு மேல் அல்வாலில் முடிப்பது என் லைன். மாதம் ஒருமுறை, இன்ன நாள் என்று சொல்லாமல், ஒரு சூப்பர்வைசர் வந்து வண்டியில் ஏறிக்கொள்வார். பிரேக்கை எப்படி மிதிக்கிறோம், கடைக்காரரிடம் எப்படிப் பேசுகிறோம், பெட்டியை வைக்கிறோமா போடுகிறோமா என்று நாள் முழுக்கப் பார்த்து மதிப்பெண் கொடுப்பார். மூன்று மாத மதிப்பெண் நன்றாக இருந்தால் பாதுகாப்பு போனஸ் உண்டு. எனக்குப் போனஸைவிட மதிப்பெண் என்ற சொல்தான் பெரிது. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து, கொண்டாப்பூரில் அடுக்குமாடிகள் எழும்பிய காலமெல்லாம் தகரக் கொட்டகையில் கிடந்தவர்கள் என் அப்பாவும் அம்மாவும். என்னை மட்டும் ஊரில் ஹாஸ்டலில் விட்டுப் படிக்கவைத்தார்கள். எங்கள் வகையறாவில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். பி.காம். முடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறானே என்று அம்மாவுக்குக் குறை. ஓட்டுவதிலாவது நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியம்.

அதனால் சார் முதல்முறை என் வண்டியில் ஏறிய நாளில் தேய்த்த சட்டை போட்டிருந்தேன். நேரத்துக்குப் போய்ச் சேர்கிறவன் என்று காட்டிக்கொள்ள, சந்து கிடைத்த இடத்தில் எல்லாம் வண்டியை நுழைத்தேன். பாலாநகர் சிக்னலைத் தாண்டியதும், “ஓரமா நிறுத்து” என்றார். தொலைந்தேன் என்று நினைத்தேன். அவர் கதவைத் திறந்து இறங்கி, ஒரு மதிலோரமாகப் போய்க் குனிந்து நின்றார். திரும்பி வந்து, வாயைக் கொப்பளித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தம்பி, ஆபீஸ்ல சொல்ல நக்கோ” என்றார். கெஞ்சுகிற குரல்கூட இல்லை. கடன் கேட்பவர்கள் சில பேர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசுவார்களே, அந்த மாதிரி.

சார் பிறந்து வளர்ந்ததெல்லாம் செகந்திராபாத்தில் ரயில்வே பணிமனைக் குடியிருப்பு. தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அவர் பேசும் தமிழில் நாலு சொல்லுக்கு ஒரு சொல் ஹைதராபாத்துடையதாக இருக்கும்: வேண்டாம் என்றால் நக்கோ, ஆமாம் என்றால் ஹவ், ஏன் என்றால் கைக்கு. அன்று மிச்சக் கதையை அவராகவே சொன்னார். “எங்க தாத்தா, எங்கப்பா எல்லாம் ரயில்வே. ரயில்ல தில்லி வரைக்கும் குப்புறப் படுத்துனு போவேன், ஒண்ணும் ஆவாது. ஸ்கூட்டர்னா கரீம்நகர் வரைக்கும்கூட ஹவ். இந்த வேன்ல ஏறினா மட்டும் கதம்.” பிறகு ஏன் இந்த வேலைக்கு வந்தார் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். “ஸ்டாக் செக்‌ஷன்ல இருந்தேன். மெஷின் வந்துச்சு, செக்‌ஷனே போச்சு. லைன் சூப்பர்வைசரா போறியா, வூட்டுக்குப் போறியான்னாங்க. பொண்ணு காலேஜ்ல இருக்கு. இந்த வயசுல வூட்டுக்குப் போயி இன்னா பண்றது? ஹவ்னு சொல்லிட்டேன்.”

எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்களில் மூத்தவர் ஒரு கதை சொல்வார். வாந்தி நிற்க ஒருமுறை சார் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறார். ஏற்றிய பெட்டிகளிலேயே அந்த மாத்திரை பத்தாயிரம் இருந்திருக்கும். ஜீடிமெட்லாவில் கண்ணை மூடியவர் கொண்டாப்பூரில்தான் விழித்தார். “எப்படி ஓட்டின?” என்று கேட்டாராம். “சூப்பரா ஓட்டினேன் சார்” என்று மூத்தவர் சொல்ல, அதையே எழுதிக்கொண்டாராம். அதற்குப் பிறகு மாத்திரையைத் தொடவில்லை. எலுமிச்சம்பழம்தான். கையில் வைத்து முகர்ந்துகொண்டே வருவார். டாஷ்போர்டில் எலுமிச்சம்பழம் இருந்தால் நம் ஊர்களில் யார் ஏன் என்று கேட்கப்போகிறார்கள்? ஒவ்வொரு வண்டியிலும் ஒன்று வைத்தோம்.

அவர் ஏறும் நாளில் நாங்கள் எல்லோருமே நிறைமாதப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற மாதிரி ஓட்டினோம். இரக்கம் ஒரு பாதி. “கேபினக் கழுவப் போறது யாரு, உங்கப்பனா?” என்று மூத்தவர் கேட்பதில் மீதிப் பாதி இருந்தது. வேகத்தடை வருவதற்கு வெகு தூரம் முன்னாலேயே காலை எடுத்துவிடுவேன். வளைவில் ஸ்டியரிங்கைக் கிண்ணத்து எண்ணெய் தளும்பாத மாதிரி திருப்புவேன். சார் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் வருவார். ஆனாலும் நான் ஒரு தப்பு செய்தால் அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்துவிடும். மற்ற சூப்பர்வைசர்கள் கண்ணால் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். அவர் வயிற்றால் போட்டார். அந்த மதிப்பெண்களில் பொய் இல்லை என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியும். அவர் பக்கத்தில் இருந்தவரை நாங்கள் உண்மையிலேயே நன்றாகத்தான் ஓட்டினோம்.

வினையும் அங்கேதான் வந்தது. மற்றவர்கள் ஏறினால் சுமாராக ஓட்டுகிறவர்கள் எல்லாம் இவர் ஏறினால் மட்டும் எப்படித் தங்கமாக ஓட்டுகிறார்கள் என்று தலைமை அலுவலகத்தில் கேள்வி எழுந்தது. ஓட்டுநர்களிடம் காசுக்குக் கை நீட்டுகிறாரோ என்று சந்தேகம். நேரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரச் சொல்லி மேனேஜரை அனுப்பினார்கள். எங்களைச் சார் பார்ப்பதை மேனேஜர் பார்க்க வேண்டும். வந்தவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. மரியாதையான பிள்ளை. எங்களோடு தெலுங்கிலும் போனில் ஆங்கிலத்திலும் பேசினார். ஏறும்போதே ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்து, ஏ.சி. இருக்கிறதே என்று கண்ணாடியை ஏற்றிவிட்டார். கேபின் முழுக்க அவருடைய சென்ட் வாசனை நிறைந்தது.

கூகட்பள்ளி நெரிசலில் நான் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தேன். ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறாய், கடைகள் காத்திருக்குமே என்றார் மேனேஜர். வேகத்தைக் கூட்டினேன். சார் கை நீட்டி எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டார். தோலில் நகம் பதிவது தெரிந்தது. ரோட்டைப் பற்றி ஏதோ சொல்கிறவர்போல முகத்தை வைத்துக்கொண்டு, தமிழில் என்னிடம் சொன்னார்: “இவன் சென்ட்டு பாட்டில்லயே குளிச்சிட்டு வந்துட்டான் போல. அதுதான் தம்பி என்னைக் கொல்லுது.”

“ஜன்னல் பக்கம் கேளுங்க சார்.”

“கேட்டா கைக்குன்னு கேப்பான். இன்னா சொல்றது?”

“முட்டி வலின்னு ஒரு பொய் சொல்லுங்க.”

“பொய் சொல்ல வாயத் தெறக்கணுமே தம்பி. தெறந்தா வேற இன்னாவோ வந்துடும்.”

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு பெரிது. மேனேஜர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொண்டாப்பூரில் ஒவ்வொரு கடை வந்ததும் சார் எனக்கு முன்னால் இறங்கி, பின்கதவைத் திறந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவருக்கு வேண்டியது காற்று. ஆனால் சூப்பர்வைசர் சரக்கைத் தொடக்கூடாது, பார்க்க மட்டும்தான் வேண்டும் என்பது விதி. மூன்றாவது கடையில் மேனேஜர் அதைக் கேட்டேவிட்டார். ஹெல்பர் இல்லையே என்றார் சார். மேனேஜர் ஏதோ குறித்துக்கொண்டார்.

வண்டி திரும்பி அல்வால் பக்கம் போகும்போது சார் மறுபடியும் தமிழில் தொடங்கினார். “எழுதறான் பாத்தியா. டிரைவர் வேலைய நான் செய்யறேன்னா, காசு வாங்கிட்டேன்னு கணக்கு ஆயிடுச்சு.”

“உண்மைய சொல்லிடுங்க சார்.”

“சொன்னா, வண்டில ஏற முடியாதவனுக்கு லைன்ல இன்னா வேலைம்பான். சொல்லலன்னா திருடன்னு எழுதுவான். எப்படியும் வூட்டுக்குத்தான் போவணும். எந்தப் பேரோட போறதுன்னு நீ சொல்லு, பி.காம். படிச்சவன்.”

அப்போது மேனேஜரின் போன் அடித்தது. கையில் குறிப்பெழுதும் டேப்லெட் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். ஒரு அம்மாவின் குரல் கேபினில் கணீர் என்று கேட்டது. “டேய் கண்ணா, நம்ம அல்வால் பக்கந்தான வர்றே? முருங்கைக்காய் சாம்பார் வச்சிருக்கேன். வந்து ஒரு வாய் சாப்டுட்டுப் போ.”

“ட்யூட்டிலோ உன்னானம்மா. சாயந்த்ரம் வஸ்தா,” என்றார் மேனேஜர். ட்யூட்டியில் இருக்கிறேன், சாயந்திரம் வருகிறேன் என்று.

“எது கேட்டாலும் தெலுங்குலயே பதில் சொல்லு. நான் தமிழ்லதான உன்னைப் பெத்தேன்?” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போனை வைத்தார்.

காலையிலிருந்து பேசியதெல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. சென்ட் பாட்டில், முட்டி வலி, திருடன். சாரின் கையில் பழம் நசுங்கிச் சாறு மணிக்கட்டில் வழிந்துகொண்டிருந்தது. மேனேஜர் என்னை வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “பர்வாலேதண்ணா, மீரு இட்டு ரண்டி,” என்றார். பரவாயில்லை, நீங்கள் இந்தப் பக்கம் வாருங்கள் என்று. சார் ஜன்னல் பக்கம் நகர, மேனேஜர் நடுவில் ஏறி, கியர் கம்பிக்கு ஒதுங்கி முழங்காலை மடக்கிக்கொண்டார். கண்ணாடியைச் சார்தான் இறக்கினார்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று ஆனதும் சார் எல்லாவற்றையும் தமிழிலேயே சொன்னார். மேனேஜர் எல்லாவற்றையும் தெலுங்கிலேயே கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு எப்படி மதிப்பெண் போட்டீர்கள் என்றபோது சார் வயிற்றில் கை வைத்தார். “இதுக்குத் தெரியும் சார். தப்பா ஓட்டினா மேல வரும், நல்லா ஓட்டினா கீழயே நிக்கும்.” மேனேஜர் குலுங்கிச் சிரித்ததில் அவர் தோள் என் தோளில் இடித்தது. பிறகு, ஆபீசுக்கு எதில் வருகிறீர்கள், ஸ்கூட்டரில் இப்படி வராதா என்று விசாரித்தார். அல்வாலில் அவர் வீட்டுத் தெரு முனையில் இறங்கிக்கொண்டார். சாம்பார் ஜெயித்துவிட்டது. இறங்கும்போது சாரிடம், அந்த சென்ட் மனைவி வாங்கித் தந்தது அண்ணா, இனி வண்டியில் ஏறுகிற நாளில் போட மாட்டேன் என்றார். சார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அடுத்த சில நாட்கள் சார் கிடங்குக்குள் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திடுக்கிட்டார். பிறகு உத்தரவு வந்தது. இவர் வண்டியில் ஏற வேண்டாம். தன் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்து மதிப்பிடட்டும். பெட்ரோலுக்குக் கம்பெனி கொடுக்கும். மூத்தவர் சாரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். எல்லோருக்கும் டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் சாரின் செலவு.

ஸ்கூட்டரில் வந்தவர் வேறு மனிதர். கண்ணாடியில் பார்த்தால் ஹெல்மெட்டும் நிமிர்ந்த முதுகுமாக, வெயிலில் கண்ணைச் சுருக்காமல் வந்துகொண்டிருப்பார். முதல் நாளே என்னைக் கடை வாசலில் பிடித்தார். “லேன் மாத்தறப்போ இண்டிகேட்டர் போடற வழக்கமே இல்லையாடா உனக்கு? கைக்கு?”

“இத்தனை நாள் பக்கத்துலதான சார் இருந்தீங்க.”

“கண்ண மூடிட்டு இருந்தேன்டா.”

மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். எனக்கு மட்டுமல்ல, மூத்தவருக்கும் குறைத்தார். “இந்தாளு வாந்தி எடுத்துனே இருந்திருக்கலாம்” என்று மூத்தவர் கிடங்கு முழுக்கச் சொல்லித் திரிந்தார். எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அன்று மதியம் அல்வாலில் ஒரு வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, அவர் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டதைப் பார்த்தேன். லைனுக்கு வரும் நாளில் அவர் மதியம் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. தயிர் சாதமும் மாங்காய்த் தொக்கும். வழித்துச் சாப்பிட்டார். அதைப் பார்த்த பிறகு அந்த மனிதரோடு சண்டை போட மனம் வரவில்லை.

போன மழைக்காலத்தில் சார் ஓய்வு பெற்றார். இப்போது எங்களைப் பார்க்க யாரும் வருவதில்லை. முன்கண்ணாடியில் ஒரு கேமரா ஒட்டியிருக்கிறார்கள். நான் பக்கவாட்டில் திரும்பினால் கத்துகிறது. குழியில் இறக்கினால் எங்கேயோ பதிந்துகொள்கிறது. அதற்கு வியர்ப்பதில்லை. வேகத்தடை வந்தால் நான் இன்னும் வெகு தூரம் முன்னாலேயே காலை எடுக்கிறேன். வாரம் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி டாஷ்போர்டில் வைக்கிறேன். புதிதாக வந்த ஹெல்பர் திருஷ்டிக்கா அண்ணா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

சார் ஸ்கூட்டரில் வந்த முதல் மூன்று மாதத்தில் பாதுகாப்பு போனஸ் கிடைக்காமல் போனது எனக்கு, மூத்தவருக்கு, இன்னொரு ஓட்டுநருக்கு. ஆளுக்கு ஆயிரத்து ஐநூறு. மொத்தம் நாலாயிரத்து ஐநூறு ரூபாய். எலுமிச்சம்பழச் செலவு தனி.