அத்தை போட்ட மார்க்

எதையும் நோண்டி நோண்டிக் கேட்கிற பிள்ளை என்று எனக்குப் பெயர். ஏழாம் வகுப்பு படித்த வயதில் என் கேள்விகளுக்குத் தப்பிய ஆள் எங்கள் வீட்டில் கிடையாது. அப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். நான் கடைப்பக்கம் வருவது தெரிந்தாலே அவருக்கு எங்கேயாவது போக வேண்டிய வேலை வந்துவிடும். அம்மா “தெரியாது” என்ற ஒரே பதிலை வைத்துக்கொண்டு என்னைச் சமாளித்தாள். உட்கார வைத்துப் பொறுமையாகப் பதில் சொன்னவர் அத்தை ஒருவர்தான். அவரிடம் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைத்தான் நான் கேட்காமல் விட்டேன்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாமா சிங்கப்பூரில் இருந்ததால், தாராசுரத்தில் எங்கள் வீட்டு மாடியிலேயே குடியிருந்தார். காலை டியூட்டி முடிந்து மூன்று மணிக்கு வருவார். குளித்துச் சாப்பிட்டுவிட்டு, செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு படம் பார்க்க உட்காருவார். நான் பள்ளிவிட்டு மாடி ஏறும்போது ஜப்பானிலோ கொரியாவிலோ தாய்லாந்திலோ ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் மணி அடித்துக்கொண்டிருக்கும்.

அத்தை பார்த்ததெல்லாம் பள்ளிக்கூடப் படங்கள் மட்டும்தான். சண்டைப் படம், பேய்ப் படம் எதையும் தொடமாட்டார். நாற்பத்தைந்து வயதுக்காரர் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகளின் படத்தை அப்படி விழுந்து விழுந்து பார்ப்பது அம்மாவுக்குச் சிரிப்பு. எனக்கு ஆராய்ச்சி. கீழே ஓடுகிற ஆங்கில எழுத்தை வேகமாகப் படித்துச் சொல்கிற வேலையும் எனக்குத்தான்.

படம் முடிந்ததும் அத்தை பத்துக்கு மார்க் போடுவார். நான் அதைப் பழைய ரஃப் நோட்டில் எழுதி வைப்பேன். படத்தின் பெயர்கள் வாயில் நுழையாது என்பதால் நானே பெயர் வைத்தேன். மழையில் ஒரு பையனும் பெண்ணும் ஒரே குடையில் போகிற படம் ‘குடைப் படம்’. நான் தேம்பித் தேம்பி அழுத படம் அது. அத்தை போட்டது நாலு. ‘சைக்கிள் படம்’ தைவானில் எடுத்தது. எங்கள் வகுப்பில் அதைப் பற்றிப் பேசாத பிள்ளை கிடையாது. அதற்கும் நாலரைதான். ஆனால் கதையே இல்லாத ஒரு ஜப்பான் படம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள், வருகிறார்கள், தின்கிறார்கள், ஒருவரும் யாரையும் காதலிக்கக்கூட இல்லை. அதற்கு ஒன்பதரை. நோட்டில் ‘காரணம்’ என்று நான் கட்டம் போட்டு வைத்திருந்த இடம் காலியாகவே கிடந்தது.

காரணத்தை ஒரு புதன்கிழமை கண்டுபிடித்தேன். அந்தக் கதையில்லாப் படத்தை அத்தை மூன்றாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து நாற்காலிகளைத் தூக்கி மேசைமேல் கவிழ்ப்பார்கள். ஒருத்தி பெருக்குவாள், ஒருத்தன் கரும்பலகை துடைப்பான், நாலைந்து பேர் ஈரத்துணியோடு குனிந்து தரையில் ஓடுவார்கள். அந்த இடம் வந்ததும் அத்தை படத்தை நிறுத்தினார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“கார்ல வந்து இறங்குவானே ஒரு பையன், அவன் எங்க இருக்கான் பாரு.”

நான் தேடினேன். ஜன்னலருகில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“துடைக்கிறானா? நல்லாப் பாத்துச் சொல்லு. சும்மா நிக்கலையே?”

“துடைக்கிறான் அத்தை. கையில துணி இருக்கு.”

அத்தை விரலை வைத்துத் திரையில் தெரிந்த தலைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு ஒவ்வொரு கையிலும் என்ன இருக்கிறது என்று பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் படத்தை ஓடவிட்டார். நான் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்பது, ஒன்பதரை வாங்கிய படங்கள் எல்லாவற்றிலும் பிள்ளைகள் கூட்டமாக வகுப்பைச் சுத்தம் செய்கிற காட்சி இருந்தது. ‘காரணம்’ கட்டத்தில் எழுதினேன்: அத்தை நர்ஸ். அதனால் சுத்தம் பிடிக்கும்.

கண்டுபிடித்தால் மட்டும் போதுமா, நிரூபிக்க வேண்டாமா? ஒரு வாரம் தேடி, பெருக்குகிற காட்சி வருகிற ஒரு கொரியப் படத்தை நானே கண்டுபிடித்தேன். நிச்சயம் பத்துக்குப் பத்து என்று மனத்துக்குள் குதித்துக்கொண்டே அதை அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். அதில் வகுப்பில் யாருக்கும் பிடிக்காத ஒரு பெண்ணை மற்றவர்கள் தனியாகப் பெருக்க வைக்கிறார்கள். அவள் பெருக்கப் பெருக்க, வாசலில் நின்று சிரித்துக்கொண்டே பார்க்கிறார்கள். அவ்வளவுதான், அத்தை கையை நீட்டிப் படத்தை அணைத்துவிட்டார்.

“இது வேணாம்.”

“இனிமேதான் அத்தை நல்லா இருக்குமாம்.”

“வேணாம்னு சொல்றேன்ல.”

டீ போடுகிறேன் என்று எழுந்து போனார். டீ வரவே இல்லை. போய்ப் பார்த்தபோது அடுப்பைப் பற்ற வைக்காமல் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். நான் என் நோட்டில் பூஜ்யம் என்று எழுதிவிட்டு நெடுநேரம் யோசித்தேன். கடைசியில் அதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிட்டது: ஒரே ஆள் பெருக்கினால் மூலைமுடுக்கு சுத்தமாகாது. அத்தைக்கு அது தெரியும்.

இதற்கிடையில் என் பள்ளிக்கூடத்தில் பேரன்ட்ஸ் மீட்டிங் வந்தது. நடவு நேரம், அம்மாவும் அப்பாவும் ஊரில் எங்கள் ஒன்றரை மா நிலத்துக்குப் போயிருந்தார்கள். அத்தை வந்தார். மற்ற அம்மாக்கள் கணக்கு மார்க்கைப் பற்றியும் கையெழுத்தைப் பற்றியும் மிஸ்ஸிடம் கேட்டார்கள். அத்தை என் ரேங்க் கார்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“கிளாஸை யாரு மிஸ் பெருக்குறாங்க?”

மிஸ் ஒரு கணம் விழித்தார். “ஆயா இருக்காங்களே மேடம். தினம் பெருக்கிடுவாங்க.”

“பிள்ளைங்கள விடுறது இல்லையே?”

“சேச்சே, இல்ல மேடம்.”

“விடலாம், தப்பில்ல. விட்டா எல்லாப் பிள்ளைங்களையும் விடுங்க. அதான்.”

என் பெஞ்சில் உட்காருகிற தோழி பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். மறுநாளே வகுப்பில் என் பெயர் ‘துடைப்பம்’ ஆகிவிட்டது. இரண்டு வாரம் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அத்தையின்மேல் எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ஊரிலிருந்து திரும்பி வந்த அப்பாவிடம் கோள் சொன்னேன். அப்பா சிரிப்பார், அல்லது அத்தையிடம் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. “அக்காவுக்குக் கேக்கணும்னு இருந்திருக்கும், விடு” என்று சொல்லிவிட்டுக் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் நேயர் கருத்து விவகாரம் வந்தது. ஆசியப் படங்களைப் பற்றித் தமிழில் பேசுகிற ஒரு யூடியூப் சேனலை நானும் அத்தையும் பார்த்துவந்தோம். கல்லூரிப் பையன் போலிருந்த ஒருவர் நடத்தினார். என் வகுப்பில் பாதிப் பேர் அவருக்கு ரசிகர்கள். பள்ளிக்கூடப் படங்களில் உங்களுக்குப் பிடித்தது எது, ஏன் பிடித்தது என்று எழுதி அனுப்புங்கள், நூறு வார்த்தைக்கு மிகாமல் இருக்க வேண்டும், நன்றாக இருப்பதை ஞாயிற்றுக்கிழமை பெயரோடும் ஊரோடும் வாசிப்பேன் என்று அறிவித்திருந்தார்.

அத்தை இரண்டு நாள் அதைப் பற்றியே யோசித்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு நோட்டை எடுக்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கதையில்லாப் படத்தைத்தான் சொன்னார். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாதை, வயல், மதியச் சாப்பாட்டைப் பிள்ளைகளே பரிமாறிக்கொள்வது, வாத்தியாரின் குரல், எல்லாம் சொன்னார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, இதையும் எழுது என்றார். எழுதினேன்.

‘அந்த வகுப்பில் பெருக்குவதற்கு யாரையும் பெயர் சொல்லி எழுப்பவில்லை. எல்லாரும் எழுந்தார்கள். நான் மூன்று தடவை பார்த்து உறுதி செய்துகொண்டேன். அப்படி ஒரு வகுப்பில் நானும் உட்கார்ந்திருக்கலாமே என்று இருந்தது.’

“வார்த்தை கூடிப்போச்சுன்னா வேற எதை வேணும்னாலும் எடுத்துரு. இதை மட்டும் எடுக்காத” என்றார் அத்தை.

எண்ணிப் பார்த்தேன். நூற்றுப் பதினான்கு இருந்தது. டைப் செய்து அனுப்புகிற வேலையை என்னிடம் விட்டுவிட்டு அத்தை மதிய டியூட்டிக்குப் போனார்.

நான் வயலை எடுத்திருக்கலாம். வாத்தியாரின் குரலை எடுத்திருக்கலாம். ஆனால் அந்தச் சேனலை என் தோழி பார்ப்பாள். தாராசுரம் என்று ஊர்ப் பெயர் வரும், அத்தையின் பெயர் வரும், அதற்குப் பிறகு பெருக்குவது என்று ஒரு வார்த்தை வந்தால் நான் பிளஸ் டூ முடிக்கிறவரைக்கும் துடைப்பம்தான். அதுபோக, படத்தைப் பற்றிக் கேட்டால் யாராவது பெருக்குவதைப் பற்றி எழுதுவார்களா? அதைப் போய் யார் வாசிப்பார்கள்? அத்தையின் நல்லதுக்குத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அந்த நாலு வரியையும் பென்சிலால் அடித்தேன். மீதியை அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மாடியில் எல்லாரும் கூடிவிட்டோம். அத்தை யாரிடமோ சொல்லி டியூட்டியை மாற்றிக்கொண்டிருந்தார். அம்மா வெங்காய போண்டா போட்டிருந்தாள். அப்பா கடையிலிருந்து வந்து, கையில் கிரீஸோடு வாசற்படியிலேயே நின்றார். இரண்டு பேருடைய கருத்துக்குப் பிறகு அந்தச் சேனல் பையன், “அடுத்தது தாராசுரத்திலேருந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க, ரொம்ப அழகா இருக்கு” என்று ஆரம்பித்தார். அம்மா கையைத் தட்டினாள். அத்தை செல்போனைச் சர்க்கரை டப்பாவிலிருந்து எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

பாதை வந்தது. வயல் வந்தது. மதியச் சாப்பாடும் வாத்தியாரின் குரலும் வந்தன. பிறகு அந்தப் பையன் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவருக்குப் போய்விட்டார். அம்மா மறுபடியும் கை தட்டினாள். அத்தை தட்டவில்லை. இன்னும் ஏதோ பாக்கி இருப்பதுபோல போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் தள்ளி இன்னொரு தடவை கேட்டார். நான் குனிந்து இன்னொரு போண்டாவை எடுத்தேன்.

“அந்த இடத்தை மட்டும் விட்டுட்டாரு” என்றார் அத்தை.

“ஆமா அத்தை” என்றேன்.

எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். இந்த இரண்டு வார்த்தையை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. அத்தை என்னை ஒரு துளிகூடச் சந்தேகப்படவில்லை. அப்பாதான் வாசற்படியிலிருந்து, “என்னக்கா விட்டுட்டாரு?” என்று கேட்டார். அத்தை அவரைப் பார்த்து ஒன்றுமில்லை என்பதுபோலத் தலையசைத்தார். அப்பா மேலே கேட்காமல் கையைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். அம்மாவும் தட்டை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள்.

“பாவம், அவருக்கு என்ன தெரியும்” என்று அத்தை என்னிடம் சொன்னார். குரலில் கோபமே இல்லை. “அவரு படிச்ச பள்ளிக்கூடத்துல பெருக்க ஆள் இருந்திருக்கும்.”

மாட்டிக்கொள்ளவில்லை என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்தவுடன் வழக்கம்போலக் கேள்வியும் வந்தது.

“ஏன் அத்தை, நீங்க படிச்ச பள்ளிக்கூடத்துல பெருக்க ஆள் இல்லையா?”

அத்தை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

“ஏன் இல்லாம? நாலு பேரு இருந்தாங்க. நாலு பேருமே ஊர்ல வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், நம்ம தெரு.”

“தினமும் வருவாங்களா?”

“தினமும்தான். மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே வந்துடணும். வெளியில பிரேயர் நடக்கும், அவங்க உள்ள பெருக்கிக்கிட்டு இருப்பாங்க. தூசி அடங்கின பிறகுதான் மத்த பிள்ளைங்க உள்ள வரும்.”

எனக்கு வியப்பாக இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் மூன்று மாடிக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆயாதான். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு, அதுவும் அந்தக் காலத்தில், நாலு ஆட்கள் என்றால் அது எவ்வளவு வசதியான பள்ளிக்கூடமாக இருந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் படித்துவிட்டு, ஜப்பான் பள்ளிக்கூடத்தைப் பார்த்து அத்தை ஏன் ஏங்குகிறார் என்றுதான் விளங்கவில்லை. கீழே வந்து ரஃப் நோட்டைத் திறந்தேன். பென்சிலால் அடித்த நாலு வரிக்குக் கீழே இடம் இருந்தது. ‘அத்தை பள்ளிக்கூடம்: பெருக்க ஆட்கள் நாலு. எங்கள் பள்ளிக்கூடம்: ஒன்று’ என்று எழுதி, அத்தையின் பள்ளிக்கூடத்துக்குப் பத்துக்கு எட்டு மார்க் போட்டேன்.

அவர்கள் பெயர் என்ன, சம்பளம் உண்டா, துடைப்பம் யார் வாங்கித் தருவார்கள் என்று மறுநாளும் அத்தையைத் துளைத்தெடுத்தேன். அந்த நாலு பேருக்கும் அப்போது என்ன வயது என்று மட்டும் கேட்கவில்லை.