ஒற்றைச் சுற்று

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் கறவைக்காரருக்கு இரண்டு வருஷத் தண்டனை விழுந்திருக்காது. மாடு கட்டுகிற விஷயத்தில் மட்டும் அந்த மனுஷனுக்கு அப்படியொரு ரோஷம்.

ஆறு வீட்டு மாடுகளைக் கறந்து பிழைத்தவர். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். பிள்ளை குட்டி கிடையாது. பேச்சுத் துணை என்றால் மாடுகள்தான். ஒருநாள் சாயங்காலம் லாரிக்காரர் வீட்டுச் செவலைப் பசுவைக் கறந்து, முளையில் கட்டிவிட்டு வீடு திரும்பினார். பின்னாலேயே அது கயிற்றை இழுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றது. ஒன்பது வருஷத்தில் அவரைத் தேடி வந்த முதல் ஆள்! தவிடு கலந்து வைத்தார், ஆசைதீரப் பேசினார். காலையில் கொண்டுபோய் விட்டால் ஆயிற்று என்று கொல்லையில் கட்டினார். காலையில் பல் விளக்குவதற்குள் போலீஸ் வந்துவிட்டது, மாட்டுத் திருட்டு என்று.

"கயிறு தானா அவிழ்ந்திருக்குமோ?" என்று கீழ்க்கோர்ட்டில் கேட்டார்கள்.

"நான் போட்ட முடிச்சு அவிழாதுங்க. முப்பது வருஷத்துல ஒண்ணுகூட அவிழ்ந்ததில்ல."

அட பாவி மனுஷா! அவிழாத முடிச்சென்றால் யாரோ அவிழ்த்துத்தானே ஓட்டிப் போயிருக்க வேண்டும்? தீர்ப்பில் அதை அப்படியே எழுதிவிட்டார்கள்.

மேல்முறையீடு போட்டு ஜாமீனில் எடுத்த வக்கீலம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயா, உண்மையைச் சொல்லுங்க. அன்னைக்குச் சரியா கட்டினீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். அன்று கட்டைவிரலில் வெட்டுக்காயம். இரண்டு சுற்று போட வேண்டிய இடத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு வந்திருந்தார். "அதை எப்படிம்மா நாலு பேர் முன்னாடி சொல்றது?"

"அப்போ ஜெயில்ல போய்ச் சொல்லுங்க."

மேல்கோர்ட்டில் நீதிபதி நேராகவே கேட்டார். "ஒத்தச் சுத்துதாங்க போட்டேன்" என்றார், குரலே எழும்பாமல். கயிற்று நுனியில் தெருச்சேறு அப்பியிருந்ததாகப் போலீஸ் குறிப்பிலேயே இருந்தது. ஓட்டிப் போனவன் கயிற்றைக் கையில் பிடித்திருப்பானே என்றார் வக்கீலம்மா. விடுதலை.

சொல்லிச் சந்தோஷப்பட ஆளில்லை. நேராக லாரிக்காரர் வீட்டுக்குப் போனார்.

"கோபமெல்லாம் இல்லண்ணே" என்றார் லாரிக்காரர். "ஆனா ஒத்தச் சுத்து போட்டுட்டுப் போற ஆளை நம்பி எப்படி மாட்டை விடுறது? வேற ஆள் வெச்சாச்சு." மற்ற ஐந்து வீடுகளும் அந்த ஆளையே பிடித்துக்கொண்டதாகவும் சொன்னார்.

தொழுவத்திலிருந்து செவலை கத்தியது. போய்க் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். கை தானாக முளைக்கம்புக்குப் போயிற்று. புது ஆளின் முடிச்சு. இரண்டு சுற்று, நல்ல இறுக்கம். இழுத்துப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

இது அவிழாது என்று தெரிந்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.