பிலோமினா டாக்டர் கேட்ட வியாழக்கிழமை

செய்தி வந்தபோது கல்லூரியில் காரை நிறுத்திக்கொண்டிருந்தேன். பிலோமினா அக்காவின் மகள்தான், சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவள், அழைத்தாள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. காலையில நெஞ்சு வலின்னாங்களாம். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சி." நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அப்படியானால் இரண்டு மணி வகுப்பை யார் எடுப்பது என்று. சத்தியமாக அதுதான் முதலில் வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

டாக்டர் பிலோமினாவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஜொகூர் பாருவில் எங்கள் தனியார் மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறையில் பதினோரு வருடம் பாடம் நடத்தினார். நான் சேர்ந்தபோது துறையில் ஆறு பேர். ஒருவர் சிங்கப்பூர் போனார், இருவர் கோலாலம்பூர் போனார்கள், ஒருவர் சொல்லிக்கொள்ளாமலே போனார். கடைசியில் அக்காவும் நானும்தான் மிச்சம். அவர்கள் விட்டுப்போன பாடங்களை, விட்டுப்போன ஸ்லைடுகளோடு, இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். ஆள் எடுக்க விளம்பரம் போட்டிருப்பதாக டீன் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். "அந்த விளம்பரத்தப் பார்க்கணும்னு எனக்கும் ஆசையா இருக்கு டாக்டர். எங்க போட்டிருக்கீங்க?" என்று அக்கா ஒருநாள் முகம் மாறாமல் கேட்டார். டீன் தண்ணீர் குடித்தார்.

அப்படிக் கைக்கு வந்த ஸ்லைடு ஒன்றில் தப்பு இருந்தது. சிறுநீரகம் கெட்டவர்களுக்குக் குறைத்துக் கொடுக்க வேண்டிய ஒரு மருந்தை, குறைக்க வேண்டியதில்லை என்று போட்டிருந்தது. இரண்டு வருடம் அக்கா அதையே நடத்தியிருக்கிறார். பழைய மாணவன் ஒருவன், ஹவுஸ்மேனாக, அதாவது பயிற்சி மருத்துவராக, வேலைக்குப் போன இடத்தில், அதை நம்பி மருந்து எழுதப்போக, மருந்தாளர் தடுத்துவிட்டார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவுக்குத்தான் ஆனது. இரண்டு வருட மாணவர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவராக அழைத்தார். ஆளுக்குத் தக்கபடி மலாயில், ஆங்கிலத்தில், தமிழில். "பிலோமினா பேசுறேன்பா. நான் சொல்லிக்குடுத்தது தப்பு. சரிபார்க்காம நடத்திட்டேன். எழுதிக்க." மூன்று வாரம் இதே வேலை. எனக்கு எரிச்சல்.

"ஏங்க்கா, ஒரு இமெயில் போட்டா போதும்லா."

"இமெயில யாரு படிக்கிறா? போன வாரம் நான் அனுப்புனத நீ படிச்சியா?"

நான் படித்திருக்கவில்லை.

அதன்பிறகு புத்தகத்தோடு ஒப்பிடாமல் ஒரு ஸ்லைடையும் அவர் வகுப்பில் காட்டியதில்லை. அந்த வேலைக்குக் கல்லூரி நேரம் கொடுக்கவில்லை. வீட்டு நேரம்தான் கரைந்தது. அறுபதில் ஓய்வு என்றவருக்கு அறுபத்து மூன்று ஆகிவிட்டது. போய்விடுங்கள் என்று நான் சொன்னேனா? இல்லை. போகாதீர்கள் என்று கெஞ்சினேன். "நான் போயிட்டா நீ தனியா மாட்டிக்குவ, தெரியும்லா," என்பார். நாங்கள் ஒருவர் காலை ஒருவர் கட்டிக்கொண்டு கிடந்தோம்.

போன மாதம் ஒருநாள் என் மேசைக்கு வந்து நின்றார். "இந்த வியாழக்கிழமை ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட்ட பார்க்கணும்மா. படி ஏறுனா மூச்சு வாங்குது. பத்து மணி கிளாஸ மட்டும் நீ பாத்துக்கிறியா? ரெண்டு மணி நேரந்தான்."

எனக்கு அன்று எட்டுக்கு ஒரு வகுப்பு, பன்னிரண்டுக்கு ஒன்று. நடுவில் திருத்த வேண்டிய தாள்கள். "நான் என்ன மிஷினாக்கா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "சரிமா, செமஸ்டர் லீவுல போய்க்கிறேன்," என்று திரும்பிப் போனார்.

வகுப்பை ரத்து செய்திருக்கலாமே என்பீர்கள். முடியாது. ஆள் பற்றாத துறை என்று அங்கீகாரச் சோதனைக்கு வருகிறவர்கள் எழுதிவிடுவார்கள் என்று நிர்வாகத்துக்குப் பயம். எது நடந்தாலும் வகுப்பு நிற்கக்கூடாது என்பது உத்தரவு. அந்த வியாழக்கிழமையும் நிற்கவில்லை. அவரே நடத்தினார்.

போயிருந்தால் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசவும் மாட்டேன். ஆனால் அவர் போயிருக்க வேண்டும். போகவிடாதவர்களில் நானும் ஒருத்தி.

செவ்வாய்க்கிழமை இறந்தார். வியாழக்கிழமை அடக்கம். முதல் நாள் மாலை எல்லாருக்கும் வாட்ஸ்அப் வந்தது: டாக்டர் பிலோமினாவின் நல்லடக்கத்தை முன்னிட்டு மருந்தியல் துறையின் நாளைய வகுப்புகள் அனைத்தும் ரத்து. அதைத் தட்டி அனுப்ப இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை என்று ஆபீஸ் கிளார்க் சொன்னார். யாரும் எதுவும் கேட்கவில்லையாம். கல்லூரி இடிந்து விழவும் இல்லை.

கல்லறையில் டீன் என் பக்கத்தில் வந்து நின்றார். "திங்கக்கிழமையிலேர்ந்து அவங்க கிளாஸையும் கொஞ்ச நாளைக்கு நீங்களே பாத்துக்குங்க டாக்டர். விளம்பரம் போட்டிருக்கோம்." தலையாட்டினேன். ஆட்டாமல் எங்கே போவது?

பெட்டியை இறக்கியபோது மணி பத்து இருக்கும். மாணவர்கள் வரிசையாக நின்று ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன்.

போய் வாருங்கள், அக்கா. நீங்கள் கேட்ட இரண்டு மணி நேரத்தை இன்றைக்குத்தான் கொடுத்தோம்.