பக்கத்து வீட்டில் மட்டும் போன கரண்ட்

மலைமேல் இருக்கும் நாகலூரில் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, தான் பின்கட்டில் இருந்துகொண்டு முன்பக்கத்தைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தபோது நான் சந்தோஷப்பட்டேன். பக்கத்தில் நாலு மனுஷ முகம் தெரியுமே என்றுதான். அந்தச் சந்தோஷம் முதல் சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான். முற்றத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. வந்தவர்கள் போட்ட பாட்டுச் சத்தத்தில் எங்கள் அலமாரியில் எவர்சில்வர் தட்டெல்லாம் ஆடியது.

மற்ற நாளாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன் என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அப்போது என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து, சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஊரையே அதட்டி வேலை வாங்கிய மனிதர், சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போட்டுக் குழந்தை மாதிரி அழுதார். தூக்கம்தான் மருந்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நேரே போய் அவளை ஒரு பிடி பிடித்தேன். "ஏனம்மிணி, உங்க ஊட்டுக்கு வர்றவங்க கூத்தடிக்க எங்க ஊட்டு மனுசன் சாகணுமா?"

"பாட்டு இருக்குதுன்னுதானுங்கக்கா ஆள் வருது. நிறுத்தச் சொன்னா சண்டைக்கு வர்றாங்க. பாக்கறனுங்க" என்றாள். பார்க்கிறேன் என்றால் செய்யமாட்டேன் என்றுதான் அர்த்தம் என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினேன்.

அடுத்த சனிக்கிழமை பாட்டு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பாதியில் நின்றது. எட்டிப் பார்த்தால் அவள் வீடு முழுக்க இருட்டு. அதற்கடுத்த வாரமும் அப்படியே. வயரிங் சரியில்லை போல என்று நினைத்தேன். அடுத்த வீட்டில் கரண்ட் போனதற்குச் சாமிக்குக் கற்பூரம் ஏற்றியவள் இந்த மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கினார்.

மூன்றாவது வாரம் மனசு கேட்காமல் சார்ஜ் லைட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவள் வந்தவர்களுக்குச் செல்போன் வெளிச்சத்தில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாவு டப்பா மேல் பியூஸ் கட்டை கிடந்தது. அவளே பிடுங்கி வைத்திருக்கிறாள்.

நான் அதைப் பார்த்துவிட்டதை அவளும் பார்த்தாள். "பாட்டை நிறுத்துங்கன்னா கோவிச்சுக்கறாங்கக்கா. மலையில கரண்டு போச்சுன்னா ஒருத்தரும் ஒண்ணும் சொல்றதில்லீங்க" என்றாள் மெதுவாக. "அண்ணன் தூங்கறாருங்களா?"

நான் திட்டியதெல்லாம் ஞாபகம் வந்தது. மாவு ஒட்டிய அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது முற்றத்திலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "பக்கத்து வீட்ல லைட் எரியுதே, இங்க மட்டும் எப்படி இல்ல?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"அது எங்க ஊட்டு இன்வெர்ட்டருங்க" என்றேன் நான். "அதும் இப்பத் தீந்துரும்."

வேகவேகமாக வீட்டுக்கு வந்து மெயினை அணைத்துவிட்டு, இருட்டில் தடவிக்கொண்டே போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குறட்டையைத் திட்டித் தீர்த்தவள் நான். அன்றைக்கு அதைக் கேட்டுக்கொண்டே அழுதேன்.