மலையேறிய எடை

மில்லியக்காவுக்கு அந்தப் பெயர் வரக் காரணம், அவள் எதையும் மில்லிகிராமில் பேசுவாள். தராசு பழுதுபார்ப்பது தொழில். தட்டில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தால், அது சாப்பிட்டுவிட்டு வந்ததா வெறும் வயிற்றோடு வந்ததா என்று எடையை வைத்தே சொல்லிவிடுவாள் என்பார்கள். நான் பார்த்ததில்லை. ஆனால் நம்புகிறேன், அவள் மூஞ்சி அப்படி.

கடை என்பது ஓர் அறைதான். நடுவில் கல் மேசை. வாசலில் பேருந்து போனால் தராசின் எண்கள் நடுங்கும். நடுக்கம் நிற்கும்வரை அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எடைக்கற்கள் மெத்தை வைத்த பெட்டியில் தூங்கும். விரல்பட்டால் விரலின் எண்ணெயும் எடைதானே, அதனால் இடுக்கியால்தான் எடுப்பாள். பெற்ற பிள்ளையைக்கூட அவள் அவ்வளவு பதமாகத் தூக்கியதில்லை என்று அவள் வீட்டுக்காரர் சொல்லுவார்.

மூலையில் கணினி. வயது பத்தொன்பது. சூடு தாங்காமல் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியிருந்தாள், வெயிலுக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்த பெரியப்பா மாதிரி இருக்கும். எதிரே எந்நேரமும் ஒரு மேசை மின்விசிறி. கடைசியாக அதை நிறுத்தி மறுபடி போட்டபோது முக்கால் மணி நேரமும் நாலு தட்டும் வாங்கிக்கொண்டுதான் கண் திறந்தது. அதற்குப் பிறகு நான்கு மாதமாக அவள் அதை நிறுத்தவே இல்லை. தூக்கிப் போடவும் முடியாது. மின்தராசுகளைத் திருத்துகிற நிரல் அது ஒன்றில்தான் ஓடும். தராசின் ஒயரைச் செருகுகிற பொந்து புதுக் கணினிகளில் கிடையாது.

திங்கட்கிழமை காலையில் மலைமேல் இருக்கும் மருந்துத் தொழிற்சாலையின் மேலாளரம்மா தொலைபேசியில் வந்தாள்.

"மூணாவது தடவையா கூப்பிடறேங்க. ஒரு கிலோ கல்லு வச்சா தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது புள்ளி ஆறு காட்டுது. நாப்பது சென்டிகிராம் எங்க போச்சு?"

"இங்க சரியா ஆயிரம் காட்டிச்சுங்க. என் கண்ணால பாத்தேன்."

"நாங்க மட்டும் மூக்காலயா பாக்கறோம்? வெள்ளிக்கிழமை எடையளவு ஆய்வாளர் வர்றார். அவர் எங்கள ஒண்ணும் கேக்க மாட்டார். தராசுல இருக்கற முத்திரை உங்களது."

மில்லியக்காவுக்கு வயிற்றில் கல்லைப் போட்டமாதிரி ஆயிற்று. எத்தனை கிராம் என்று கேட்காதீர்கள். முத்திரை குத்தும் உரிமம் போனால் கடை போயிற்று. திருத்திய தராசில் தன் முத்திரையைக் குத்த அவளுக்கு இருபத்தோரு வருடமாக அனுமதி உண்டு. ஒரு புகார்கூட வந்ததில்லை.

"தராச மறுபடி அனுப்புங்க. உங்க கல்லையும் சேத்து அனுப்புங்க," என்றாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டும் வந்தன. தன் கல்லை வைத்தாள். ஆயிரம். அவர்கள் கல்லை வைத்தாள். அதுவும் ஆயிரம். தராசைத் திருப்பி வைத்து, கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி மறுபடி வைத்தாள். ஆயிரம். கல்லும் சரி, தராசும் சரி என்றால் மிச்சமிருப்பது அந்தக் கணினி ஒன்றுதான். அது தராசுக்குள் ஏதோ தப்பாக எழுதி வைக்கிறது, மலைக்குப் போனதும் அது வெளியே வருகிறது என்று அவளுக்குத் தோன்றியது. வயசானவர்களுக்கு மறதி வருவது உண்டுதானே.

"என்னங்க, இதுக்கு புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நெனைக்கறேன்," என்றாள் வீட்டுக்காரரிடம். அவர் பஞ்சர் ஒட்டுபவர். உலகத்தில் எல்லாக் கோளாறுக்கும் காற்றுதான் காரணம் என்பது அவர் கொள்கை.

"மலைல காத்து கம்மி. நம்மளே மேல போனா இளைக்கிறோம், கல்லு இளைக்காதா?"

"கல்லு எப்படிங்க இளைக்கும்?"

"நீ கவலப்படறத பாத்து இளைச்சிருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை, அடுத்த தெரு அடுக்குமாடியில் லிஃப்ட் பார்க்கிற மெக்கானிக், தன் வில்தராசை வாங்கிப் போக வந்தான். அவனுக்குப் பட்டப்பெயர் 'மேலகீழ'. விஷயத்தைக் கேட்டதும் கெக்கலித்தான்.

"இதுக்கா அக்கா முழிக்கறீங்க? என் லிஃப்டுல ஏறி நின்னா யாருக்கும் எடை மாறும். மேல கெளம்புறப்ப கனம், நிக்கப் போறப்ப லேசு. வாங்க காட்றேன்."

ஆழம் தெரியாமல் காலை விட்டாள் மில்லியக்கா. தொழிற்சாலைத் தராசையும் ஒரு கிலோ கல்லையும் ஒரு மரமுக்காலியையும் எடுத்துக்கொண்டு இருபத்திரண்டு மாடிக் கட்டடத்துக்குப் போனாள். லிஃப்டுக்குள் முக்காலி, முக்காலி மேல் தராசு, தராசுமேல் கல், கல்மேல் அவள் கண். தராசு பேட்டரியில் ஓடியது; லிஃப்ட் கிளம்பியதும் எண்கள் பேய்பிடித்து ஆடின. ஐந்தாம் மாடியில் ஏறிய ஒரு வக்கீல், "இது என்ன சோதனை?" என்றார். "கல்லுக்கு மயக்கம் வருதான்னு பாக்கறோம் சார்," என்றான் மேலகீழ. வக்கீல் ஏழாம் மாடியிலேயே இறங்கிப் படியில் போனார்.

ஓடுகிற லிஃப்டில் எடை மாறுவது அவளுக்குப் புரிந்தது, அது உலுக்கல். அவள் கேள்வி அதுவல்ல. மலை ஓடுவதில்லையே. மேலே போய் அசையாமல் நின்ற பிறகும் எடை குறையுமா?

உச்சி மாடி நடையில், தீயணைப்பு வாளிக்குப் பக்கத்தில் ஒரு பிளக் இருந்தது. தராசைச் செருகி, மட்டக்குமிழியை நடுவில் நிறுத்தி, அரைமணி சூடேறவிட்டாள். பிறகு கல்லை வைத்தாள்.

999.98.

கீழே வந்து அதே பதத்தில் வைத்தாள். 1000.00. மேலே போனாள். 999.98. மூன்று தடவை.

"ரெண்டு சென்டிதானேக்கா. காத்தடிச்சிருக்கும்," என்றான் மேலகீழ.

"நீ எங்க வீட்டுக்காரர்கிட்ட பேசினியா?" என்று மட்டும் கேட்டாள்.

கடைக்கு வந்து, மகள் பள்ளியில் படித்த பழைய அறிவியல் புத்தகத்தைத் தேடி எடுத்து உட்கார்ந்தாள். பூமி எல்லாவற்றையும் இழுக்கிறது. தள்ளிப் போகப் போகப் பிடி தளரும். இவ்வளவுதான் போட்டிருந்தது. இதைத் தேர்வுக்கு எழுதி அறுபது மதிப்பெண் வாங்கியவள்தான் மில்லியக்காவும். ஆனால் தன் மேசைக்கு அது பொருந்தும் என்று இத்தனை வருடம் தோன்றவே இல்லை. இரண்டு தட்டுத் தராசில் தோன்ற வேண்டிய அவசியமும் இல்லை: மேலே கொண்டுபோனால் கல்லுக்கும் பிடி தளரும், சரக்குக்கும் தளரும், முள் நடுவிலேயே நிற்கும். மின்தராசு தனி ஆள். ஒரு கிலோ என்றால் இவ்வளவு அழுத்தம் என்று அவள் கடையில், அவள் தரையில் கற்றுக்கொடுத்ததை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு மலையேறுகிறது. அங்கே அதே கல் கொஞ்சம் மெல்ல அழுத்தினால், கல் குறைவு என்று சொல்லிவிடுகிறது. சொல்லிக்கொடுத்ததைத் தப்பாமல் ஒப்பிக்கிற பிள்ளை. பாடம்தான் வேறு ஊருடையது.

முன்பெல்லாம் அவளே கற்பெட்டியோடு மலைக்குப் போய் அங்கேயே திருத்துவாள். அப்போதைய தராசுகளில் ஒரு திருகாணியைத் திருப்பினால் போதும். இப்போது வந்தவற்றுக்குக் கணினி வேண்டும். வளைவில் வயிற்றைப் புரட்டுகிறது என்பதும் சேர்ந்துகொண்டது. இரண்டு வருடமாகத் தராசுகளே இறங்கி வரட்டும் என்று ஏற்பாடு செய்திருந்தாள்.

காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டாள். இருபத்திரண்டு மாடி, ஏறக்குறைய எழுபது மீட்டர், இரண்டு சென்டிகிராம். மலை ஆயிரத்து எண்ணூறு மீட்டர். விடை ஐம்பத்தொன்று வந்தது. அங்கே குறைவதோ நாற்பது. மறுபடி போட்டாள். ஐம்பத்தொன்று. கூடுதலாகப் பதினொரு சென்டிகிராம் யார் வீட்டுச் சொத்து? தன் அறிவு தப்பா, கணினி தப்பா என்று புதன்கிழமை ராத்திரி வரை அதே காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. தராசு மலையில்தான் பாடம் படிக்க வேண்டும். அப்படியென்றால் கணினியும் மலையேற வேண்டும். அதற்கு அதை நிறுத்த வேண்டும்.

வியாழன் சாயங்காலம் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

"கண்ண மூடினா திறக்குமா?"

"தெரியலீங்க."

"அப்ப ஏன் மூடறே?"

"மூடலேன்னாலும் நாளைக்கு என் கடைய மூடிடுவாங்க." அழுத்திவிட்டாள். நான்கு மாதமாக ஓயாத இரைச்சல் நின்றதும் அறையே செவிடாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை முதல் பேருந்து. கணினிப் பெட்டி அவள் மடியில், போர்வை சுற்றி. திரை வீட்டுக்காரர் மடியில், தராசும் கற்பெட்டியும் கால்களுக்கு நடுவில். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொன்னார்கள். ஒவ்வொரு வளைவிலும் பெட்டியை மாரோடு அணைத்துக்கொண்டாள். வயிறு புரட்ட அவளுக்கு நேரமில்லை.

"ஏம்மா, உள்ள குழந்தையா?" என்றார் நடத்துநர்.

"தாத்தாங்க," என்றார் வீட்டுக்காரர்.

தொழிற்சாலையின் எடையறையில் எல்லாவற்றையும் இணைத்து சுவிட்சைப் போட்டபோது மணி ஒன்பதரை. விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. ஒன்பதே முக்கால். மேலாளரம்மா கைகட்டி நின்றாள். பத்து. இடப்பக்கம் ஒரு தட்டு. பத்தேகாலுக்கு ஆய்வாளர் வந்துவிட்டார்: கையில் கற்பெட்டி, கக்கத்தில் பதிவேடு, மெலிந்த மனிதர்.

"இது ஓடுமா?" என்றார் கணினியைப் பார்த்து.

"ஓடும் சார். கொஞ்சம் யோசிக்கும்."

பத்தரைக்கு இரண்டாவது தட்டு. பத்து நாற்பதுக்குத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு வந்தது. பிறகு எழுத்து. மேலாளரம்மா கையைப் பிரித்தாள். மில்லியக்கா உட்கார இடம் தேடினாள்.

ஒயரைச் செருகி, இடுக்கியால் தன் கல்லை வைத்து, இதுதான் இந்த ஊர் ஒரு கிலோ என்று தராசுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஆய்வாளர் தன் கல்லை எடுத்து வைத்தார். 1000.00. எடுத்தார், வைத்தார். 1000.00.

"சார், ஒண்ணு கேக்கலாமா?" என்று மடித்த காகிதத்தை நீட்டினாள். "என் கணக்குல ஐம்பத்தொண்ணு குறையணும். நாப்பதுதான் குறைஞ்சிருக்கு. மிச்சம் எங்க போச்சு?"

அவர் காகிதத்தைப் படித்துவிட்டு முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "கட்டடத்துல உங்களுக்கும் பூமிக்கும் நடுவுல வெறும் காத்து. இங்க கால் கீழ ஒரு மலையே இருக்கும்மா. அதுவும் தன் பங்குக்கு இழுக்குமில்ல?"

இரண்டு நாளாக அவள் தோளைக் கவ்விக்கொண்டிருந்த ஏதோ இறங்கியது. கணினியும் பொய் சொல்லவில்லை, கல்லும் சொல்லவில்லை. ஆய்வாளர் பதிவேட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார். அந்த மூடி கழன்ற சத்தத்தில்தான் அவளுக்கு அடுத்தது உறைத்தது.

"சார், எழுதாதீங்க. இன்னும் இருக்கு."

"என்ன இருக்கு?"

"ரெண்டு வருஷமா மலைக்காரங்க தராசு எல்லாம் என் கடைலதான் திருத்தினேன். இந்த ஊர்ல இன்னும் ஆறு இருக்கு. ஆறுலயும் என் முத்திரை."

வீட்டுக்காரர் அவள் முந்தானையை இழுத்தார். பயனில்லை, சொல் வெளியே வந்துவிட்டது. ஆய்வாளர் பேனாவை மூடிவிட்டுக் கணினியைப் பார்த்தார்.

"இந்தப் பெட்டி எவ்வளவு நேரம் தாங்கும்?"

"அணைக்காம இருந்தா தாங்கும் சார்."

"நாலு மணிக்கு எனக்கு வண்டி. அதுக்குள்ள ஆறும் இந்த மேசைக்கு வந்து, ஆறும் சரியா இருந்தா, புகார்னு எதையும் எழுத மாட்டேன். ஒண்ணு வரலேன்னாலும் எழுதித்தான் ஆகணும்."

மேலாளரம்மா தொலைபேசியை அவள் பக்கம் நகர்த்தினாள். மில்லியக்கா முதல் கடையின் எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் விதைக்கடைக்காரர்.

"அண்ணே, மில்லி பேசறேன். உங்க தராசு பொய் சொல்லுதுண்ணே. இல்ல, அது மேல தப்பு இல்ல, நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்திட்டேன். உடனே மருந்து கம்பெனிக்கு எடுத்துட்டு வாங்க. ஆட்டாம எடுத்துட்டு வாங்க."