அஞ்சு ரூபாய், இல்லையென்றால் ஒரு திவசம்

போலீஸ்காரர் "போகலாம்" என்று சொன்ன பிறகும் நின்று பேசிய முட்டாள் நான். பேசாமல் போயிருந்தால் கோர்ட்டு வாசலையே பார்த்திருக்க மாட்டேன்.

மலையாளக் கரையில், மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் எடை பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வயிற்றில் ஐந்தாம் மாதம். தலைசுற்றலாய் இருக்கிறது, ஆஸ்பத்திரிவரை நடக்க முடியாது என்றாள். சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து மிதித்தேன். சைக்கிளில் இரண்டு பேர் போனால் அப்போதெல்லாம் குற்றம். சுள்ளிக்கல் முனையில் போலீஸ்காரர் கையை நீட்டினார். அவள் வயிற்றைப் பார்த்ததும் அவருக்கு மனசு இளகிவிட்டது.

"இனி இங்ஙனெ கேற்றண்டா. பொய்க்கோ." இனி இப்படி ஏற்றாதே, போகலாம் என்று அர்த்தம்.

நான் போகவில்லை. "சேட்டா, நீங்க நினைக்கிற மாதிரி இது டபுள்ஸ் இல்ல. டிரிபிள்ஸ்" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

சம்மன் வந்தது. கிடங்குக்குப் பக்கத்துக் கடையில் சாயா குடிக்க வருகிற வக்கீல் குமாஸ்தாவிடம் யோசனை கேட்டேன். "வாதிக்கான் நின்னா நாலு வட்டம் வரணும் அண்ணாச்சி. குற்றம் சம்மதிச்சா அஞ்சு நிமிஷம். பின்னே, வேறொண்ணும் மிண்டண்டா." வட்டம் என்றால் தடவை; மிண்டுவது என்றால் வாயைத் திறப்பது. என்னை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்.

கோர்ட்டுக்குக் கிளம்பும் காலையில் வீட்டில் இட்லி அப்படியே ஆறிக்கிடந்தது. "சாப்பிடு. எனக்கு ஜெயில்ல போடுவாங்க" என்றேன். அவள் கண் நிறைந்துவிட்டது. இப்படியும் ஒரு வாய்.

"பிள்ள பொறக்கையில நீங்க இருப்பீகளா, மாட்டீகளா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள். இருப்பேன் என்றேன். நம்பவில்லை. கூடவே வந்துவிட்டாள். இந்தத் தடவை ரிக்‌ஷாவில்.

அவளை வராந்தாவில் ஜன்னலோரம் குமாஸ்தாவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். "குற்றம் சம்மதிக்குன்னுண்டோ?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார். டிரிபிள்ஸ் நாக்கு நுனிவரை வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் தெரிந்தன. கையைக் கூப்பி, ஆமாம் என்றேன். மிண்டவில்லை.

"அஞ்சு ரூபா பிழ. அடச்சில்லெங்கில் ஒரு திவசம் தடவு."

அபராதம் கட்டாவிட்டால் ஒரு நாள் காவல். அவ்வளவுதான் தீர்ப்பு. பணத்தைக் கட்டிக் கையெழுத்துப் போட்டு ரசீது வாங்க அரை மணி ஆயிற்று.

வெளியே வந்தால், அவள் தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். குமாஸ்தா ஒரு கையில் தண்ணீர் டம்ளரும் இன்னொரு கையில் அவளுடைய இரண்டு கம்மல்களுமாக விழித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, இது விற்று அடைக்கணும்னு பறயுன்னு. ஞான் என்ன செய்யும்?"

நான் குனிந்து, "என்னாச்சு?" என்றேன்.

"அஞ்சு ரூவா இல்லாட்டா திவசம்னு சொல்லுதாரே அந்த ஐயா. எங்கிட்டயா மறைக்கிய? ஒரு சைக்கிளுக்குப் போயி தூக்கா?"

அந்த மலையாளத்தில் அஞ்சு ரூபாயைத் தவிர அவளுக்குப் புரிந்தது அந்த ஒரு சொல்தான். நம் பக்கம் செத்தவர்களுக்குக் கொடுப்பது திவசம். இங்கே அது வெறும் 'நாள்'. திங்களும் திவசம், செவ்வாயும் திவசம் என்று சொல்லி ரசீதைக் காட்டினேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்தும் மலையாளம்தான். அதன் பிறகு என் முழங்கையைப் பிடித்தாள். விடவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெறுமையாயிருந்த அவள் காதுகளைப் பார்த்தேன். ஊரே நடமாடும் கோர்ட்டு வராந்தாவில், அவளுக்கு எதிரே குந்தி, குமாஸ்தாவிடமிருந்து கம்மலை வாங்கி அவள் காதில் போட்டேன். மிளகு மூட்டை தூக்கிய விரல்களுக்குத் திருகாணி பிடிபடாமல் வழுக்கியது.

வழுக்குகிற நேரத்தில் என் வாய் சும்மா இருக்குமா? "ஆமா, என் திவசத்துக்கு என்ன பாயசம் வைப்ப?" என்றேன்.

"பேசாம திருகுங்க" என்றாள்.