ஈரத்தில் பார்த்த நிறம்

என் மனைவிக்குத் தலைமுடி கொட்டி நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு மருந்து ஏற்றிக்கொள்ளப் போன இரண்டு முறை தவிர, அந்த நாற்பத்தொரு நாளும் அவள் வாசற்படி தாண்டவில்லை. கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு அடுத்த வருஷம், 2005. அனுமந்தையில் அவள் தங்கை மகளுக்கு வளைகாப்பு. பன்னிரண்டு நாள்தான் இருந்தது. இடுப்பில் தூக்கி வளர்த்த பெண். போயே ஆக வேண்டும் என்று ஒரு நாளைக்கு நான்கு தடவை சொல்வாள். ஐந்தாவது தடவை, எப்படிப் போவது என்பாள்.

முந்தானையைத் தலையில் போட்டால் எங்கள் வழக்கத்தில் அது முக்காடு, புருஷன் போனவள் கோலம். வளைகாப்பு வீட்டுக்குள் அப்படி நுழைய முடியாது. தொப்பி ஒன்று பின்னிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். பின்னல் தெரிந்தவள் அவள்; பள்ளிக்கூடத்தில் கற்றது. ஆனால் மருந்தில் விரல் நுனிகள் மரத்துப்போய் ஊசி கையில் நிற்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல நான் பின்னுவதாக ஏற்பாடு. உப்பு ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் மூட்டை எண்ணியவனுக்குப் பின்னலில் கண்ணி எண்ணுவது பெரிய காரியமில்லை. எண்பத்தெட்டு கண்ணி, ஒன்பது சாயங்காலம் போதும் என்று நினைத்தேன்.

நூல்தான் பாடாய்ப் படுத்தியது. கம்பளி நூல் மொட்டைத் தலையை அரிக்கும், பருத்திதான் வேண்டும். நிறத்தில் ஒவ்வொன்றாக நான் கழித்தேன். வெள்ளை ஆகவே ஆகாது. கறுப்பு நல்ல காரியத்துக்கு உதவாது. காவி போட்டால் சாமியாராகிவிட்டாளா என்பார்கள். சிவப்பும் பச்சையும் தெருமுனையிலிருந்தே தெரியும். யார் கண்ணிலும் படாத நிறமாக ஒன்று வேண்டும். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இடையஞ்சாவடியில் ஒரு கொட்டகையில் பெண்கள் நூலுக்குக் கையாலேயே சாயம் போடுகிறார்கள், ஆரோவில்காரர்கள் வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் மாறிப் போய்ச் சேர்ந்தேன். மூங்கில் கழிகளில் நூல் சிட்டம் சிட்டமாகத் தொங்கியது. பதினோரு வகை இருந்தன. எதையும் நிறம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடுக்காய்த் தண்ணீரில் முக்கியது, துருத் தண்ணீரில் முக்கியது, இரண்டிலும் முக்கியது என்று சாயக்காரப் பெண்மணி சொல்லிக்கொண்டே போனார். அப்போதுதான் பானையிலிருந்து எடுத்து மாட்டிய ஒன்று சேறும் சாம்பலும் கலந்தாற்போல் அடக்கமாக இருந்தது. அதுதான் என்றேன்.

“காய்ஞ்சா வெளுக்குங்க ஐயா.”

“தெரியும்மா” என்றேன். ஒன்றும் தெரியாது. நான்கு மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். மறுநாள் போனபோது காய்ந்த மூன்று சிட்டத்தைப் பேப்பரில் சுற்றி வைத்திருந்தார். பிரித்துப் பார்க்காமல் வாங்கி வந்தேன்.

வீட்டில் பிரித்தால், ஏறக்குறைய வெள்ளை. பாத்தியில் பழுப்பாகக் கிடக்கும் உப்பு காய்ந்தால் என்ன ஆகும் என்று முப்பத்தொரு வருஷம் பார்த்தவன் நான். என் மனைவி நூலைத் தொடவில்லை. நாளைக்குத் தானும் வருவதாகச் சொன்னாள்.

என் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நான் அவளை மறைத்தபடி நின்றேன், இருபத்தாறு நிறுத்தமும். முழங்கால் விண்விண் என்றது.

கொட்டகையில் சாயக்காரப் பெண்மணி காய்ந்த சிட்டங்களாகப் பொறுக்கி எடுத்து வந்து, துண்டை எடுத்தால்தான் எது பொருந்தும் என்று பார்க்க முடியும் என்றார். கையில் வைத்துப் பார்த்தால் போதாதா என்று நான் குறுக்கே போனேன். முகத்துக்கு ஒரு நிறம், கைக்கு ஒரு நிறம் என்றார் அவர். இன்னொருத்தி பானைக்குப் பின்னாலிருந்து, “அவருக்குப் போட்டுப் பாருக்கா, அவருதான் ரொம்ப வெக்கப்படுறாரு” என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

என் மனைவி துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டாள்.

“தொப்பி எனக்கா, உங்களுக்கா?”

நான் கூரைக் கழிகளை எண்ணினேன்.

அவர்கள் ஒவ்வொரு சிட்டமாக அவள் நெற்றியை ஒட்டிப் பிடித்துப் பார்த்தார்கள். சாம்பல் வைத்தால் நோயாளியாகத் தெரிந்தாள். தேன் நிறம் அவள் தோலோடு கலந்து காணாமல் போனது. ஏழாவது, காய்ந்த வரப்பு மண் போல இருந்தது. அதை வைத்ததும் அவள் முகம் முகமாகத் தெரிந்தது. ஒரே பானையில் நனைந்த மூன்று சிட்டமாகப் பார்த்து அவளே எடுத்தாள். திரும்பும்போது துண்டு மடியிலேயே இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்துதான் வந்தேன், ஆனால் ஏறியவர் இறங்கியவர் எல்லாரையும் பார்த்துக்கொண்டே.

என் கை இறுக்கம். இரண்டு தடவை முழுதாகப் பிரிக்க வைத்தாள். “எண்ணிக்கை சரியாத்தான் இருக்குது. தலைதான் நுழையாது” என்றாள். வளைகாப்பு நாள் வந்தபோது பாதித் தொப்பிதான் ஆகியிருந்தது. அவள் பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டு, தலையில் ஒன்றுமில்லாமல் புறப்பட்டாள்.

பார்த்தார்கள். பத்தொன்பது பேர் வரை எண்ணினேன். அப்புறம் அவளைக் கூப்பிட்டார்கள். மரத்த விரலால் அந்தப் பெண்ணின் கையில் இரண்டு கண்ணாடி வளையல் ஏற்ற அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. ஒன்றும் உடையவில்லை. பெண் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். வீடு திரும்பியதும் இரண்டு பேருமே அசதியில் படுத்துவிட்டோம்.

தொப்பி இனி எதற்கு என்று மறுநாள் நான் ஊசிகளைக் கட்டி வைக்கப் போனேன்.

“திங்கக்கிழமை அஞ்சரை மணி பஸ்ஸுல ஆஸ்பத்திரி போவணும். ஜன்னல் காத்து காதுல குத்துது. அதுக்குள்ள முடிங்க” என்றாள்.

இன்னும் பதினாலு வரி இருந்தது. கையைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன்.